இரண்டு லோடு பேலன்சர், ஒரே முகவரி: ஹெச்ஏபிராக்ஸியும் கீப்அலைவ்டும் கொண்டு அமைக்கும் முறை

இரண்டு வெப் சர்வர்களுக்கு முன்னால், வரும் கோரிக்கைகளை அவற்றுக்குப் பகிர்ந்தளிக்கும் ஒரு லோடு பேலன்சரை வைத்தால், சர்வர்களில் ஒன்று விழுந்தாலும் தளம் தொடர்ந்து இயங்கும். ஆனால் அந்த லோடு பேலன்சரே விழுந்துவிட்டால், பின்னால் இரண்டு சர்வர்களும் நலமாக இருந்தும் தளம் யாருக்கும் திறக்காது. இதைத் தவிர்க்க இன்னொரு லோடு பேலன்சரைத் துணைக்கு வைக்க வேண்டும். முதலாவது செயலிழந்ததும் இரண்டாவது தானாகவே பொறுப்பேற்கவும் வேண்டும். லினக்ஸ் பொறிகள் இரண்டில் அதைப் படிப்படியாக அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். லினக்ஸ் கட்டளை வரியில் ஓரளவு பழக்கமும், ஐபி முகவரி பற்றிய அடிப்படை அறிவும் இருந்தால் போதும்.

பொறி முழுவதுமாக மின்சாரம் இழந்து அணைவது மிக எளிதான நிலைமை. எந்த அமைப்பும் அதைச் சமாளித்துவிடும். பொறி உயிரோடு இருக்க அதிலுள்ள மென்பொருள் மட்டும் செத்துக் கிடப்பதும், இரண்டு பொறிகளும் நலமாக இருக்க அவற்றுக்கிடையே பேச்சு மட்டும் அறுந்துபோவதுமே உண்மையான சிக்கல்கள். ஆகவே இந்த விளக்கத்தில் பெரும்பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எதை வைத்து அமைக்கிறோம்

போக்குவரத்தைப் பகிரும் வேலையை ஹெச்ஏபிராக்ஸி செய்யும். எந்தப் பொறி பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதைக் கீப்அலைவ்டு தீர்மானிக்கும். கீப்அலைவ்டு பயன்படுத்தும் விஆர்ஆர்பி நெறிமுறை முதலில் ரவுட்டர்களுக்காக உருவானது. ஒரு நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கணினிகளும் ஒரே கேட்வே முகவரியை நம்பியிருக்கும்போது, அந்த ரவுட்டர் பழுதானால் இன்னொன்று அதே முகவரியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக 1998இல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணம்) 2338 ஆக அது வெளிவந்தது. சிஸ்கோ ரவுட்டர்களில் பணியாற்றியவர்கள் எச்எஸ்ஆர்பி என்ற பெயரில் இதே கருத்தைப் பார்த்திருப்பார்கள்.

அதன் இயக்கம் எளிது. பொறுப்பிலிருக்கும் பொறி, அதாவது மாஸ்டர், விநாடிக்கு ஒருமுறை 224.0.0.18 என்ற, பல பொறிகள் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய மல்டிகாஸ்ட் முகவரிக்கு ஓர் அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். காத்திருக்கும் பேக்கப் பொறி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அறிவிப்பு மூன்று விநாடிகளுக்குச் சற்று அதிகமாக வராமல் போனால், பேக்கப் பொறி தானே மாஸ்டராகி, பொது முகவரியைத் தன் நெட்வொர்க் அட்டையில் ஏற்றிக்கொள்ளும். பிறகு 'இந்த முகவரி இனி என்னிடம் இருக்கிறது' என்று ஏஆர்பி (ஐபி முகவரி எந்த வன்பொருள் முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் நெறிமுறை) செய்தி மூலம் சுவிட்சுக்கும் அக்கம்பக்கப் பொறிகளுக்கும் தெரிவிக்கும்.

எடுத்துக்காட்டுக்காக நமது பொறிகளுக்கு முல்லை, மருதம் என்று பெயரிடுவோம். முல்லையின் முகவரி 192.0.2.11, மருதத்தின் முகவரி 192.0.2.12. இரண்டுக்கும் பொதுவான மெய்நிகர் முகவரி 192.0.2.10, தளத்தின் டிஎன்எஸ் பதிவு இதைத்தான் சுட்ட வேண்டும். வெப் சர்வர்கள் 192.0.2.21, 192.0.2.22 ஆகியவற்றில் உள்ளன. இவை ஆவணங்களில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தவை. உங்கள் நெட்வொர்க்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். முல்லையும் மருதமும் ஒரே இயற்பொறியின் மேல் ஓடும் இரண்டு மெய்நிகர் பொறிகளாக இருந்தாலோ, ஒரே மின் இணைப்பில் தொங்கினாலோ, நீங்கள் செய்யப்போகும் வேலையின் பெரும் பயன் வீணாகும்.

படி 1: ஹெச்ஏபிராக்ஸியை இரண்டிலும் ஒரேமாதிரி அமைத்தல்

டெபியன், உபுண்டு இரண்டிலும் ஹெச்ஏபிராக்ஸி, கீப்அலைவ்டு ஆகியவை அதே பெயர்களிலேயே தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. ஆப்ட் கொண்டு இரு பொறிகளிலும் நிறுவுங்கள். பிறகு ஹெச்ஏபிராக்ஸியின் கட்டமைப்புக் கோப்பில் ஒரு 'ஃபிரண்ட்எண்ட்' பகுதியும் ஒரு 'பேக்எண்ட்' பகுதியும் எழுத வேண்டும். ஃபிரண்ட்எண்டில் மெய்நிகர் முகவரியின் போர்ட் 80இல் கேட்கச் சொல்லும் 'பைண்ட்' வரியும், பொறிக்குள்ளிருந்தே சோதிப்பதற்காக 127.0.0.1இன் போர்ட் 80இல் கேட்கச் சொல்லும் இன்னொரு 'பைண்ட்' வரியும் வரும். பேக்எண்டில் 'பேலன்ஸ்' வரியில் 'ரவுண்ட்ராபின்' என்று குறிப்பிட்டு, இரண்டு வெப் சர்வர்களையும் 'செக்' என்ற சொல்லுடன் சேர்த்து எழுதுங்கள். அந்தச் சொல் விடுபட்டால் ஹெச்ஏபிராக்ஸி சர்வர்களின் நலனைச் சோதிக்காது. செத்த சர்வருக்கும் கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். 'செக்' இருந்தால், இயல்பாக இரண்டு விநாடிக்கு ஒருமுறை சோதித்து, தொடர்ந்து மூன்று முறை தோற்ற சர்வரை ஒதுக்கி வைக்கும்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் முட்டிக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்தது. முல்லையில் சரியாகத் தொடங்கும் ஹெச்ஏபிராக்ஸி, மருதத்தில் முகவரியைப் பிடிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். மெய்நிகர் முகவரி அப்போது மருதத்தில் இல்லாததே காரணம். 'நெட் ஐபிவி4 ஐபி நான்லோக்கல் பைண்ட்' என்ற கெர்னல் அமைப்பை இரண்டு பொறிகளிலும் 1 என்று வைத்தால், தன்னிடம் இல்லாத முகவரியிலும் மென்பொருள் கேட்கலாம். அமைப்பை சிஸ்சிடிஎல் கோப்பில் எழுதி வையுங்கள். கட்டளையாக மட்டும் கொடுத்தால் மறுதொடக்கத்தில் போய்விடும்.

இன்னும் ஒரு வரி தேவை. ஃபிரண்ட்எண்டில் 'மானிட்டர்-யூஆர்ஐ' என்ற வரியைச் சேர்த்து, தளத்தில் வேறெங்கும் பயன்படாத ஒரு பாதையைக் கொடுங்கள். அந்தப் பாதைக்கு வரும் கோரிக்கைக்கு ஹெச்ஏபிராக்ஸி தானே 200 என்று பதில் தரும். அது வெப் சர்வர்களுக்குப் போகாது. ஹெச்ஏபிராக்ஸி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை அடுத்த படியில் இதன் வழியாகத்தான் கேட்கப்போகிறோம்.

கோப்பு இரண்டு பொறிகளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பயனரை ஒரே சர்வரில் நிலைநிறுத்த குக்கி பயன்படுத்தினால், இரண்டிலும் சர்வர்களுக்கு ஒரே குக்கி மதிப்பைக் கொடுத்துவிடுங்கள். பொறுப்பு மாறினாலும் பயனர் தன் பழைய சர்வருக்கே போவார்.

படி 2: கீப்அலைவ்டை அமைத்தல்

கீப்அலைவ்டின் கட்டமைப்புக் கோப்பில் 'விஆர்ஆர்பி இன்ஸ்டன்ஸ்' என்ற பகுதியை எழுத வேண்டும். அதில் நெட்வொர்க் அட்டையின் பெயர், மெய்நிகர் ரவுட்டர் எண், முன்னுரிமை எண்ணான 'பிரையாரிட்டி', அறிவிப்பு இடைவெளி, மெய்நிகர் முகவரி ஆகியவை இடம்பெறும். முல்லைக்கு முன்னுரிமை 110, மருதத்துக்கு 100 என்று வையுங்கள். இடைவெளி 1 விநாடியாகவே இருக்கட்டும்.

மெய்நிகர் ரவுட்டர் எண் 1 முதல் 255 வரை எதுவாகவும் இருக்கலாம். இரண்டு பொறிகளிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்புகள் பலவற்றில் 51 என்ற எண்ணே இருப்பதால், அதை அப்படியே நகலெடுத்தால் அதே நெட்வொர்க்கில் வேறொருவர் அமைத்த ஜோடியுடன் மோதக்கூடும். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன், நெட்வொர்க்கில் போகும் தரவுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை 'விஆர்ஆர்பி' என்ற வடிகட்டியுடன் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள எண்கள் திரையில் வரும். வராத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் அது எட்டு எழுத்துக்குள் அடங்கியது. நெட்வொர்க்கில் மறைப்பின்றியே பயணிப்பது. 2004இல் வந்த ஆர்எஃப்சி 3768 அந்த வசதியையே நெறிமுறையிலிருந்து நீக்கிவிட்டது. பாதுகாப்புக்குப் பயர்வாலை நம்புவதே சரி.

படி 3: உயிர்ச் சோதனையும் முன்னுரிமைக் கணக்கும்

இதுவரை எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டால், முல்லையில் ஹெச்ஏபிராக்ஸி செத்தாலும் கீப்அலைவ்டு கவலையின்றி அறிவிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். மெய்நிகர் முகவரியும் முல்லையிலேயே இருக்கும். தளத்துக்கு வருபவர்களுக்கோ இணைப்பு மறுக்கப்படும். ஆகவே 'விஆர்ஆர்பி ஸ்கிரிப்ட்' என்ற பகுதியில் ஒரு சோதனையை எழுதி, இன்ஸ்டன்ஸ் பகுதியில் அதைக் கண்காணிக்கச் சொல்ல வேண்டும்.

மென்பொருளின் செயல்முறை (பிராசஸ்) ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கும் கட்டளையை இந்தச் சோதனையாக வைப்பது பரவலான வழக்கம். அது போதாது என்பது என் உறுதியான கருத்து. செயல்முறைப் பட்டியலில் பெயர் இருந்தும் எந்தக் கோரிக்கைக்கும் பதில் தராமல் ஒரு மென்பொருள் உறைந்து கிடக்கலாம். அதற்குப் பதிலாக, படி 1இல் அமைத்த பாதையை, கட்டளை வரியிலிருந்து வலைக் கோரிக்கை அனுப்பும் கர்ல் கொண்டு, அந்தந்தப் பொறிக்குள்ளிருந்தே 127.0.0.1 முகவரியில் கேளுங்கள். பிழை எண் வந்தால் தோல்வி என்று சொல்லும் 'ஃபெயில்' கொடியும், 1 விநாடிக்கு மேல் காத்திருக்காத 'மேக்ஸ்-டைம்' கொடியும் அவசியம். இடைவெளி 2 விநாடி, தொடர்ந்து இரண்டு முறை தோற்றால் தோல்வி, இரண்டு முறை வென்றால் வெற்றி என்று வையுங்கள். முல்லையில் ஹெச்ஏபிராக்ஸி விழுந்தால், ஏறத்தாழ நான்கைந்து விநாடிகளில் அது தெரிந்துவிடும்.

சோதனை தோற்றதும் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது 'வெயிட்' கொடுப்பது. வெயிட் -20 என்றால், தோற்ற முல்லையின் முன்னுரிமை 110இலிருந்து 90 ஆகும். மருதத்தின் 100 அதைவிட உயர்ந்ததாகிப் பொறுப்பு மாறும். வெயிட் -5 என்று கொடுத்தால் 105தான் ஆகும், முல்லையே தொடரும், எழுதிய சோதனையால் பயனில்லை. ஹெச்ஏபிராக்ஸி மீண்டதும் முல்லை 110க்குத் திரும்பி, முகவரியை மறுபடியும் பிடுங்கிக்கொள்ளும். அதாவது ஒரு பழுதுக்கு இரண்டு தடங்கல்கள் வரும். ஹெச்ஏபிராக்ஸி விட்டுவிட்டுச் செத்துக்கொண்டிருந்தால் முகவரி இங்கும் அங்கும் ஊசலாடும்.

இரண்டாவது வழியை நான் பரிந்துரைக்கிறேன். இரண்டு பொறிகளிலும் தொடக்க நிலையைப் பேக்கப் என்றே வைத்து, 'நோபிரீஎம்ப்ட்' என்ற வரியைச் சேர்த்து, வெயிட்டை அறவே விட்டுவிடுங்கள். வெயிட் இல்லாத சோதனை தோற்றால் அந்தப் பொறி 'ஃபால்ட்' நிலைக்குப் போகும்; போகும்போது முன்னுரிமை 0 என்று அறிவித்துவிட்டு விலகும். அந்தப் பூஜ்ஜியத்தைக் கேட்ட மறுபொறி மூன்று விநாடி காத்திருக்காமல் ஒரு விநாடிக்குள் பொறுப்பேற்கும். முல்லை நலமடைந்து திரும்பினாலும் மருதம் நடத்திக்கொண்டிருப்பதைத் தொந்தரவு செய்யாது.

இந்த இரண்டு வழிகளையும் கலக்கக் கூடாது. நோபிரீஎம்ப்ட் உள்ள பொறி, தன்னைவிடக் குறைந்த முன்னுரிமையோடு வரும் அறிவிப்பையும் ஏற்றுக்கொண்டு அமைதியாக இருக்கும். எனவே நோபிரீஎம்ப்ட்டுடன் வெயிட்டும் இருந்தால், மாஸ்டர் 90க்கு இறங்கிய பிறகும் பேக்கப் அசையாது. எந்தப் பதிவேட்டிலும் பிழை தெரியாது. தளம் மட்டும் திறக்காது.

படி 4: பயர்வால்

விஆர்ஆர்பி டிசிபியும் அன்று, யுடிபியும் அன்று. ஐபியின் மேல் 112 என்ற தனி நெறிமுறை எண்ணுடன் ஓடுவது. போர்ட்டுகளை மட்டும் திறக்கும் பயர்வால் விதிகள் அதை அனுமதிக்காது. அறிவிப்புகள் அடைபட்டால் மருதம், முல்லை செத்துவிட்டது என்று முடிவுசெய்து தானும் மாஸ்டராகிவிடும். அப்போது 192.0.2.10 இரண்டு பொறிகளிலும் இருக்கும். சில பயனர்கள் முல்லைக்கும் சிலர் மருதத்துக்கும் போவார்கள், இணைப்புகள் காரணம் தெரியாமல் அறுபடும். ஆகவே நெறிமுறை 112ஐ, மறுபொறியின் முகவரியிலிருந்து வருவதற்கு மட்டும், இரண்டிலும் அனுமதியுங்கள்.

மல்டிகாஸ்ட் கடக்காத நெட்வொர்க்காக இருந்தால், 'யூனிகாஸ்ட் பியர்' பகுதியில் மறுபொறியின் முகவரியைக் கொடுத்து நேரடியாகப் பேச வைக்கலாம். அமேசான் போன்ற பொது கிளவுட்களில் அது மட்டும் போதாது. அங்கே ஏஆர்பி செய்தியால் முகவரி இடம் மாறாது. பொறுப்பு மாறும்போது ஓடும் 'நோட்டிஃபை' ஸ்கிரிப்ட்டில் கிளவுடின் ஏபிஐயை அழைத்துத்தான் முகவரியை மாற்ற வேண்டும்.

படி 5: வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தல்

இரண்டு சேவைகளையும் தொடங்கி, 'ஐபி அட்ரஸ் ஷோ' கட்டளையை இரு பொறிகளிலும் கொடுங்கள். 192.0.2.10 ஏதேனும் ஒரு பொறியில் மட்டும் தெரிய வேண்டும். மூன்றாவது கணினி ஒன்றிலிருந்து, மெய்நிகர் முகவரியை அரை விநாடிக்கு ஒருமுறை கர்ல் கொண்டு கேட்டு, நேரத்துடன் பதிலைக் காட்டும் ஒரு சிறு சுழற்சியை ஓட விடுங்கள். இனி வரும் ஒவ்வொரு சோதனையிலும் எத்தனை வரிகள் தோற்கின்றன என்பதே உங்கள் அளவுகோல். ஒரு சோதனை முடிந்ததும் உடைத்ததைச் சரிசெய்து, எந்தப் பொறி மாஸ்டராக இருக்கிறது என்று பார்த்து, அடுத்த சோதனையை அதன்மேல் நடத்துங்கள்.

முதலில் மாஸ்டரில் ஹெச்ஏபிராக்ஸி சேவையை நிறுத்துங்கள். அடுத்து, கில்ஆல் கட்டளையில் 'ஸ்டாப்' சமிக்ஞை கொடுத்து ஹெச்ஏபிராக்ஸியை உறைய வையுங்கள். செயல்முறைப் பட்டியலில் அது இருக்கும், கெர்னல் இணைப்பைக்கூட ஏற்கும், ஆனால் பதில் வராது. கர்ல் சோதனை இதைக் கண்டுபிடித்து முகவரியை மாற்ற வேண்டும். செயல்முறையை மட்டும் பார்க்கும் சோதனை இங்கேதான் ஏமாறும். 'கன்ட்' சமிக்ஞை கொடுத்தால் ஹெச்ஏபிராக்ஸி மீண்டும் ஓடும்.

பிறகு மாஸ்டரின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். இப்போது பூஜ்ஜிய அறிவிப்பு வராது என்பதால் பேக்கப் முழு நேரமும் காத்திருக்கும். அதன் முன்னுரிமை 100 எனில், மூன்று விநாடியுடன் 256இலிருந்து 100ஐக் கழித்து 256ஆல் வகுத்த பங்கும் சேர்ந்து, 3.61 விநாடி. இதைவிடத் தடங்கல் வெகுவாக நீண்டால், மேலேயுள்ள ரவுட்டர் ஏஆர்பி செய்தியை ஏற்காமல் பழைய வன்பொருள் முகவரியையே நினைவில் வைத்திருக்கிறது என்று சந்தேகியுங்கள்.

கடைசியாக, பயர்வாலில் நெறிமுறை 112ஐ இரு பக்கமும் சில நிமிடங்கள் தடுத்துவிட்டு, இரண்டு மாஸ்டர்கள் உருவாவதைக் கண்ணால் பாருங்கள். அந்த நேரத்தில் இரண்டு பொறிகளின் பதிவேட்டிலும் என்ன வரி பதிவாகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, முகவரி இரண்டிலும் ஒரே நேரத்தில் இருந்தால் எச்சரிக்கும் விதியை உங்கள் கண்காணிப்பு மென்பொருளில் எழுதுங்கள்.

இந்த நான்கும் எதிர்பார்த்தபடி நடந்தால், ஹெச்ஏபிராக்ஸிக்குப் புதிய பதிப்பு வரும்போது அதே வழியைப் பராமரிப்புக்கும் பயன்படுத்தலாம். முதலில் பேக்கப்பாக இருக்கும் பொறியைப் புதுப்பித்து, அதன் சொந்த முகவரியிலிருந்து சரிபாருங்கள். அதற்காக 'பைண்ட்' வரியில் வேறொரு போர்ட்டையும் அந்தந்தப் பொறியின் எல்லா முகவரிகளிலும் திறந்து வைத்திருப்பது நல்லது. பிறகு மாஸ்டரில் கீப்அலைவ்டு சேவையை நிறுத்துங்கள். முகவரி ஒரு விநாடிக்குள் மறுபுறம் போகும். அப்போது நடந்துகொண்டிருந்த டிசிபி இணைப்புகள் அறுபட்டு மீண்டும் தொடங்கும் என்பதால், பெரிய கோப்புகளைப் பதிவேற்றுவோர் குறைவாக இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். பழைய மாஸ்டரையும் புதுப்பித்த பின் அதில் கீப்அலைவ்டைத் தொடங்கினால், அது பேக்கப்பாகச் சேர்ந்துகொள்ளும்.