ஒன்ராறியோவில் முதல் கார்: லீசா, சொந்தமா?

ரொறன்ரோ பெரும்பாகத்தில் குடியேறிய புதிதில் கார் தேடுபவர்கள் முதலில் விசாரிப்பது மாதத் தவணையைத்தான். அதற்கு முன்பே காப்புறுதி முகவரிடம் விலை கேட்பது நல்லது. காப்புறுதிக் கட்டணம் ஓட்டுநரின் அனுபவத்தையும் அவர் வசிக்கும் இடத்தின் அஞ்சல் குறியீட்டையும் பொறுத்து மாறுவதால், ஜி2 எனப்படும் இடைநிலை ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்துடன் ஸ்காபரோவிலோ பிராம்ப்டனிலோ இருக்கும் ஒருவருக்கு அது காரின் தவணையையே எட்டிவிடக்கூடும். ஊரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியவர்கள், அனுமதிப்பத்திரம் வழங்கிய அலுவலகத்திடமோ தூதரகத்திடமோ அதை உறுதிப்படுத்தும் கடிதத்தைப் பெற்றுக்கொண்டால், காத்திருக்காமல் ஜி எனப்படும் முழு அனுமதிப்பத்திரத்துக்கான தேர்வுக்கே தோற்றலாம்.

இலங்கையில் லீசிங் தவணைகளைக் கட்டி முடித்தவுடன் வாகனம் நம் பெயருக்கு வந்துவிடும். இங்கே லீஸ் என்பது காரின் தேய்மானத்துக்கும் வட்டிக்கும் பணம் கட்டி அதைப் பயன்படுத்துவதுதான். காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது ஒப்பந்தத்தில் குறித்துள்ள எஞ்சிய மதிப்பைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தவணை குறைவாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். ஆனால் காருக்கு ஏற்படும் சேதத்துக்கும் சேர்த்து முழுக் காப்புறுதி எடுக்குமாறு லீஸ் நிறுவனம் கட்டாயப்படுத்தும். பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்புக் காப்புறுதி சட்டப்படி 2,00,000 டொலருக்கு இருந்தால் போதும் என்றாலும், பொதுவாக 10 லட்சம் கேட்பார்கள்.

லீஸ் ஒப்பந்தம் விதிக்கும் கிலோமீற்றர் வரம்புதான் நம்மவர்கள் அதிகம் கவனிக்காமல் விடும் இடம். ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்கு ஏறக்குறைய 45 கிலோமீற்றர். ஆண்டுக்கு 240 நாள் வேலைக்குப் போய் வந்தாலே 21,600 ஆகிவிடும், கோயிலும் கல்யாணவீடும் இன்னும் கணக்கில் வரவில்லை. ஆண்டுக்கு 20,000 என்ற நான்காண்டு ஒப்பந்தத்தில் 95,000 ஓடியிருந்தால், மேலதிகமான 15,000 கிலோமீற்றருக்கு, கிலோமீற்றருக்கு 12 சதம் என்றால், 1,800 டொலரும் வரியும் கட்ட நேரிடும். ஊபர் ஓட்டும் எண்ணம் இருப்பவர்கள், ஒப்பந்தம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறதா என்று கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

லீசில் 13 சதவீத விற்பனை வரி மாதந்தோறும் தவணையுடன் பிரிந்து போகும். வாங்கினால் 25,000 டொலர் காருக்கு 3,250 டொலர் வரி மொத்தமாகச் சேர்ந்துவிடும்.

வேலையும் வீடும் எந்த நகரில் அமையும் என்று தெரியாத முதல் ஆண்டில், கடன் வரலாறும் இல்லாத நிலையில், நான்காண்டு லீசில் மாட்டிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடையில் விலகுவதற்கான செலவு பெரிது. கைப்பணத்தில் ஒரு நடுத்தரப் பழைய காரை வாங்கினால், அதன் மதிப்பு குறைந்த பிறகு மோதல் காப்புறுதியை நீக்கிக் கட்டணத்தைக் குறைக்கும் உரிமையாவது நம்மிடம் இருக்கும்.

பதிவுபெற்ற விற்பனையாளர் விளம்பரப்படுத்தும் விலையில், விற்பனை வரியையும் உரிமக் கட்டணத்தையும் தவிர மற்றெல்லாக் கட்டணங்களும் அடங்கியிருக்க வேண்டும் என்பது, ஒன்ராறியோவின் வாகன விற்பனையாளர்களை ஒழுங்குபடுத்தும் ஒம்விக் அமைப்பு கண்காணிக்கும் விதி. எனினும், கையெழுத்திட்டபின் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் சட்டம் ஒன்ராறியோவில் இல்லை. தனியாரிடம் வாங்கும்போது வாகனத் தகவல் தொகுப்பை விற்பவரே தர வேண்டும். அதில் நிலுவைக் கடன் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வரியும் கொடுத்த விலைக்கு மட்டுமல்ல, ரெட் புக் என்னும் பழைய கார் விலைப் பட்டியலில் உள்ள மதிப்பு அதைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்கே விதிக்கப்படும். 36 நாள் செல்லுபடியாகும் பாதுகாப்புச் சான்றிதழ் சோதித்த நாளின் நிலையை மட்டுமே சொல்கிறது, உத்தரவாதம் அன்று. ஆகவே நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு காரைத் தூக்கி, வீதி உப்பினால் அடிப்பாகம் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். பனிக்கால ரயர் பூட்டினால் காப்புறுதியில் கழிவு உண்டு. நிறுவனங்கள் அதைத் தந்தாக வேண்டும் என்பதால் முகவரிடம் மறக்காமல் கேளுங்கள்.