செத்ததுபோலக் கிடக்கும் பழைய பாமை எழுப்பிப் பார்ப்போம்

பாம், ஐபாக் மாதிரியான பழைய கையடக்கக் கணினியை லாச்சியிலிருந்து எடுத்து சுவிச்சை அமத்துகிறீர்கள். திரையில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. உடனே "போர்ட் (உள்ளே இருக்கும் சுற்றுப் பலகை) போயிட்டுது" என்று முடிவு கட்ட வேண்டாம். வருடக்கணக்காகச் சார்ஜ் காணாத பற்றரிதான் பெரும்பாலும் காரணம். 6 இல் சொல்லும் ஒரு விலக்கைத் தவிர, கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். எதையும் கெடுக்காத வேலைகள் முன்னுக்கு, இருப்பதை அழிக்கக்கூடியது பின்னுக்கு. கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளுக்கு ஓடுவது அதற்கும் பிறகு.

எடுத்து வைக்க வேண்டியவை: அந்தக் கருவிக்குரிய சார்ஜர், பேப்பர் கிளிப், ரொர்ச், பஞ்சுக் குச்சி, பாமசியில் விற்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட். மல்ரிமீற்றர் இருந்தால் அரைவாசிச் சந்தேகம் அதிலேயே தீரும்.

1. முதுகைப் பாருங்கள்

முதுகு மூடி உப்பியிருக்கிறதா? ஓரத்தில் நகம் நுழையுமளவு பிளவு விழுந்திருக்கிறதா? திரை மேலெழும்பி நிற்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சார்ஜரைத் தொடாதீர்கள். உள்ளே லித்தியம் பற்றரி வீங்கியிருக்கிறது. குத்தாமல், வளைக்காமல், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

2. உண்மையிலேயே அணைந்துதான் கிடக்கிறதா?

இருட்டில் வைத்துத் திரைமேல் ரொர்ச்சைச் சரித்துப் பிடியுங்கள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால் கருவி ஓடுகிறது; பின்வெளிச்சம்தான் போய்விட்டது. பாம் III இன் பக்கத்தில் கொன்ட்ராஸ்ட் சில்லு ஒன்று உண்டு. அது ஒரு கரைக்குத் திரும்பிக் கிடந்தாலும் திரை வெறுமையாகத்தான் தெரியும்.

3. கரண்ட் உள்ளே போகிறதா?

கோளாறு அதிகம் ஒளிந்திருக்கும் இடம் இதுதான். அவசரப்படாமல் பாருங்கள்.

எத்தனை வோல்ட், நடு முனை நேரா (+) மறையா (−) என்பதெல்லாம் சார்ஜரின் மேலேயே அச்சிட்டிருக்கும். மல்ரிமீற்றரை டிசி 20 வோல்டில் வைத்து, சிவப்புக் கம்பியை முனையின் உள்ளேயும் கறுப்பை வெளியேயும் பிடியுங்கள். பூச்சியம் காட்டினால் செத்தது சார்ஜர்தான். இலக்கத்துக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடு முனை மறை. கனமான பழைய அடப்டர்கள் வெறுமனே அளக்கும்போது எழுதியிருப்பதைவிடக் கூடக் காட்டும். அதற்குப் பயப்பட வேண்டாம். முனை மாற்றும் சுவிச் உள்ள யுனிவர்சல் அடப்டர் வாங்குவதென்றால் அளக்காமல் குத்தவே கூடாது. தலைகீழாகப் போனால் நன்றாக இருந்த போர்ட்டும் எரிந்துவிடும்.

யுஎஸ்பி வயரைக் குத்திவிட்டு நாள் முழுக்கக் காத்திருப்பவர்களும் உண்டு. சில மொடல்களில் அந்த வயர் கணினியோடு பேச மட்டும்தான். சார்ஜுக்குத் தனியாக ஒரு வட்டத் துவாரம் இருக்கும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் தொடுமுனைகளைக் கட்டாயம் பாருங்கள். உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக் குச்சியால், பஞ்சில் கறுப்பு ஒட்டாமல் வரும்வரை துடையுங்கள். கருவியை நிறுத்தி வைக்கும் தாங்கியில் சின்ன ஊசிமுனைகள் இருக்கும். ஒவ்வொன்றாக விரலால் அமத்திவிடுங்கள். திரும்பி எழும்பாத முனை கருவியில் தொடாது.

ஏஏஏ பற்றரி இரண்டு போடும் மொடல் என்றால் சார்ஜர் கதையே இல்லை. பற்றரி ஒழுகி வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் அது காரம். இரண்டு சொட்டு வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ தொட்டுத் துடைத்து, ஸ்பிரிட்டால் முடித்து, காயவிட்டுப் புதிய பற்றரி போடுங்கள்.

4. சார்ஜில் போட்டுப் பொறுத்திருங்கள்

லித்தியம் செல் நிறைந்தால் 4.2 வோல்ட், 3 வோல்டுக்குக் கீழே இறங்கினால் அது வெறும் வயிறு. பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சித் தண்ணி கொடுப்பதுபோல, கருவிக்குள் சார்ஜ் ஏற்றும் மின்சுற்று ஆரம்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரண்ட் விடும். அதுவரை லைற்றும் எரியாமல் இருக்கலாம். சில மணித்தியாலம் விடுங்கள். மெத்தையில் வேண்டாம், டைல்ஸ் தரையில் வையுங்கள். நீங்கள் விழித்திருக்கும் நேரமாகவும் பாருங்கள். இடைக்கிடை தொட்டுப் பார்த்து, இளஞ்சூடு என்றால் விடலாம், சுட்டால் கழற்றுங்கள்.

5. சொஃப்ட் ரீசெட்

இது எதையும் அழிக்காமல் கருவியை மறுபடி தொடங்க வைப்பது. சார்ஜர் குத்தியபடியே இருக்கட்டும். முதுகில் உள்ள சின்னத் துவாரத்துக்குள் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை விட்டு மெதுவாக அமத்தி எடுங்கள். தையல் ஊசி வேண்டாம், கூர் உள்ளே கிழிக்கும். நிறையக் கருவிகள் இந்த இடத்திலேயே கண் விழிக்கும்.

6. ஹார்ட் ரீசெட்

இது எல்லாவற்றையும் அழிக்கும். ஆனால் 2004 இல் வந்த டங்ஸ்டன் டி5க்கு முந்திய பாம்களில் பற்றரி முழுதாக இறங்கியபோதே நினைவகம் காலியாகியிருக்கும், இழக்க ஒன்றுமில்லை. டி5, டிஎக்ஸ் போன்றவற்றில் தகவல் இன்னும் இருக்கக்கூடும், அதனால் 7 இல் சொல்லும்படி பற்றரி மாற்றிப் பார்த்த பிறகுதான் இதற்கு வாருங்கள். வின்டோஸ் மொபைல் 5 ஓடும் ஐபாக்குக்கும் இதே கதை.

பாமில் செய்யும் முறை: பவர் பொத்தானை அமத்திப் பிடித்தபடி ரீசெட் துவாரத்தைக் குத்தி எடுங்கள். பாம் சின்னம் தெரிந்ததும் பவரை விடுங்கள். அழிக்கவா என்று கேட்கும். மேல்நோக்கிய பொத்தான் "ஆம்", மற்றவை "வேண்டாம்". ஐபாக்கில் பொத்தான்கள் மொடலுக்கு மொடல் மாறும்.

7. இனிக் கடை

இன்னும் அசையவில்லை என்றால் பற்றரியை மாற்றுங்கள். பழையதில் உள்ள ஆறு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் விசாரியுங்கள். 503450 என்றால் 5 மில்லிமீற்றர் தடிப்பு, 34 அகலம், 50 நீளம். பாதுகாப்புச் சுற்றோடு வந்த 3.7 வோல்ட் பற்றரியாகக் கேளுங்கள். பழையதில் மூன்று வயர் இருந்தால் மூன்றாவது பெரும்பாலும் வெப்பம் பார்ப்பது. இரண்டு வயர்க்காரனை அதற்குப் பதிலாகப் போட்டால் சார்ஜ் ஏறாமலே போகலாம்.

எழும்பியதும் திரையில் வரும் குறிகளைக் கருவிக்குரிய மையில்லாத எழுதுகோலால் (ஸ்டைலஸ்) தொட்டுச் சரிசெய்து, திகதியையும் நேரத்தையும் போடுங்கள். பழைய கணினியில் பாம் டெஸ்க்டொப் (பாமின் தகவல்களைக் கணினியில் வைக்கும் மென்பொருள்) இன்னும் இருந்தால், ஹொட்சிங்க் செய்யுமுன், அதாவது கருவியையும் கணினியையும் ஒத்திசைக்குமுன், அதிலுள்ள உங்கள் பெயர்க் கோப்புறையை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு அதே பழைய பெயரைத் தெரிவுசெய்து, கணினியில் இருப்பது கருவிக்குப் போகும்படி அமைத்துச் சிங்க் செய்யுங்கள்.