ப்ரொபோசலில் 'நிர்வாகச் செலவு இல்லை' என்று எழுதாதீர்கள்

தொண்டு நிறுவனம் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் நிதி கேட்டு ப்ரொபோசல் எழுதினால், "அண்ணா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க" என்று என்னிடம் தருவதுண்டு. எழுத்துப்பிழை, கடைசித் தேதி இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விடுங்கள். வேறு சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதில் ஒன்றைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

நம் செலவை நாமே மறைப்பது

சமீபத்தில் ஒரு வரைவு வந்தது. கிராமங்களில் 20 மாலை நேரப் படிப்பு மையங்கள். ஆசிரியர் மதிப்பூதியம், நோட்டு, பாய், பிள்ளைகளுக்குச் சுண்டல் என்று எல்லாம் இருந்தது. ஒருங்கிணைப்பாளருக்குப் பாதிச் சம்பளம்தான். பெட்ரோல் இல்லை, கணக்கு எழுதுகிறவர் இல்லை, ஆடிட்டர் கட்டணம் இல்லை. கேட்டால், "கம்மியா காட்டினாத்தானே தருவாங்க?" என்கிறார்கள்.

தரமாட்டார்கள். படிக்கிறவருக்குக் கணக்குத் தெரியும். 20 மையங்களை மாதம் இரண்டு முறை பார்க்க, ஒரு தடவைக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தாலே 600 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 40 கொடுத்தால் 15 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. பட்ஜெட்டில் அது இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளர் தன் கைக்காசைப் போட வேண்டும், இல்லையென்றால் மையத்துக்கே போகமாட்டார்.

இதைவிட மோசம், இப்படி எழுதியும் பணம் கிடைத்துவிடுவது. எனக்குத் தெரிந்த ஒரு அமைப்புக்கு அதுதான் நடந்தது. சம்பளம் வராததால் கணக்கு எழுதியவர் பாதியில் போய்விட்டார், பில்லெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது, அலுவலக வாடகைக்கு நோட்டுப் புத்தகத்துக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து அனுமதி கேட்காமல் எடுத்தார்கள், ஆடிட்டர் அதைப் பிடித்துக்கொண்டார். பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமானது, இரண்டாம் தவணை நின்றது. பரீட்சை நெருங்கும் நேரத்தில் மையங்களை மூடினார்கள். அந்தப் பிள்ளைகள் என்ன தப்புச் செய்தார்கள்?

அலுவலகம், கணக்கு, ஆடிட்டர் போன்ற நிர்வாகச் செலவைக் காட்டினால் பணம் கிடைக்காது என்ற இந்தப் பயம் சட்டத்தை அரைகுறையாகக் கேட்டதால் வருகிறது. 2020-இல், வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புகளுக்கான வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். சரி, ஆனால் அது உச்சவரம்புதானே, தடை இல்லையே! மருத்துவமனையில் டாக்டர் சம்பளம், பள்ளியில் ஆசிரியர் சம்பளம் போல, நோக்கத்துக்காக நேரடியாகச் செய்யும் செலவு நிர்வாகச் செலவில் சேராது என்று விதியே சொல்கிறது. சி.எஸ்.ஆர். நிதியில், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் பணத்தில், சொல்லப்படும் 5 சதவீதமோ, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கான வரம்பு. உங்கள் ஒருங்கிணைப்பாளர் மையம் மையமாகப் போய் என்ன செய்கிறார் என்று ஒரு வரி எழுதி, அவர் சம்பளத்தைத் திட்டச் செலவிலேயே காட்டுங்கள். சில கம்பெனிகள் தங்கள் படிவத்தில் தனியாக ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், அப்படியென்றால் எழுதுவதற்கு முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

இந்தியா முழுவதற்குமான புள்ளிவிவரம்

முதல் பக்கம் முழுக்க நாட்டின் கல்வி நிலை, ஐ.நா. இலக்குகள். நீங்கள் வேலை செய்யப்போகும் ஊர் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. அந்த ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர், அதில் எத்தனை பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்க முடிகிறது? நேரில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். வருடக் கடைசியில் என்ன மாறியது என்று காட்டவும் அந்த எண்தான் வேண்டும்.

"பயனாளிகள் 10,000 பேர்"

எப்படி எண்ணினீர்கள்?

எல்லாருக்கும் ஒரே ப்ரொபோசல்

சி.எஸ்.ஆர். பற்றிய கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, கம்பெனி இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. ஒசூரில் ஆலை வைத்திருப்பவரிடம் ராமநாதபுரத்துத் திட்டத்தைக் கொண்டுபோனால் கதவு அடைத்துவிடாது, ஆனால் ஏன் அங்கே என்பதற்குப் பதில் வைத்திருங்கள். அப்புறம், சி.எஸ்.ஆர். பணத்தை எந்தெந்த வேலைகளுக்குச் செலவிடலாம் என்று அதே சட்டத்தின் ஏழாவது அட்டவணை பட்டியலிடுகிறது, உங்கள் வேலை அதில் எந்த வகையில் வருகிறது என்றும் குறிப்பிடுங்கள்.

காகிதங்கள்

12ஏ (அமைப்புக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை) பதிவுகளுக்குக் காலாவதி உண்டு, தேதியைப் பாருங்கள். சி.எஸ்.ஆர். பணத்துக்கு 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும் (அந்தப் பணத்தை வாங்கும் அமைப்பு மத்திய அரசிடம் செய்யும் பதிவு) கட்டாயம். கம்பெனியோ அரசோ தொடங்காத தனி அமைப்பென்றால் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். அது இல்லாதவர்கள் இப்போதைக்குத் தனிநபர் நன்கொடை, சிறு அறக்கட்டளைகள் பக்கம் முயற்சி செய்யலாம்.