“நீ எந்த நாடு?” என்று கேட்டால்: கலப்பு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சில யோசனைகள்

எங்கள் பாட்டி பர்மாக்காரர், தாத்தா தமிழர். 1964-ல் ரங்கூனில் கடைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அதன் பிறகு கப்பலேறி வந்து சென்னை வியாசர்பாடியில் குடியேறினார்கள். எனக்குப் பாட்டியின் கண், அப்பாவின் நிறம். தம்பி அப்படியே பாட்டி, நல்ல வெளுப்பு. ஒரே வீட்டில் இப்படி இருந்தால் நிறம், இனம் பற்றிய பேச்சு எங்கே போனாலும் துரத்திக்கொண்டே வரும். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கேள்வி. ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாதவர் “நேபாளமா?” என்று கேட்டால் பரம்பரைக் கதை முழுவதையும் சொல்லத் தேவையில்லை, “வியாசர்பாடி” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். நீளமான பதில் ஒன்றும் இருக்கட்டும், ஆனால் அதை யாரிடம் சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, வகை பிரிப்பது யார் என்று பாருங்கள். பெரம்பூர் ரயில்வே குடும்பத்துத் தோழி ஒருத்தியைத் தெருவே சட்டைக்காரப் பொண்ணு, அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண் என்றுதான் சொல்லும். ஆனால் ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 366(2) பிரிவு, ஐரோப்பிய வம்சத்தைத் தந்தை வழியில் மட்டும்தான் பார்க்கிறது. அவளுக்கு அது அம்மா வழி. ஆக, தெருவுக்கு அவள் ஆங்கிலோ இந்தியர், சட்டத்துக்கு இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1950-ல் வந்த சட்டத்தின் கீழ், முடியில் பென்சிலைச் செருகி அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கூட இனம் குறித்திருக்கிறார்கள், கூடப் பிறந்தவர்களே வேறு வேறு இனமாகப் பதிவாகியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு துளி கறுப்பு ரத்தம் இருந்தாலும் கறுப்பர்தான் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கவே 2000-ல்தான் விட்டார்கள். அதனால் அமெரிக்க வீடியோவில் கேட்ட சொற்களை அப்படியே இங்கே கொண்டுவந்து பேசுவதற்கு முன், நம் தெருவில் யார் எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று ஒருமுறை யோசியுங்கள்.

இதை யோசிக்காமல் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இது. புளியந்தோப்புத் தோழி ஒருத்தி வாடகைக்கு வீடு தேடி அலைந்துகொண்டிருந்தாள். ஏரியா பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரர்களின் முகம் மாறுகிறது, அப்புறம் மெதுவாகச் சாதிக்கு வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நான் நடுவில் புகுந்து “எனக்கும் அப்படித்தான்டி” என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உன்னை எந்த நாடுன்னு கேக்குறாங்க, என்னை எந்தத் தெருன்னு கேக்குறாங்க. ரெண்டும் ஒண்ணா?” என்றாள். ஒன்றில்லைதான். என் முகம் கேலிக்கு ஆளாகும், ஆனால் வீடு கிடைத்துவிடும். கலப்பு ரத்தம் என்பதால் சாதி ஒன்றும் கழுவிக்கொண்டு போய்விடாது. தாத்தாவோடு அதுவும் கப்பலேறித்தான் வந்தது, அம்மாவுக்கு வரன் பார்த்தபோது முதலில் விசாரித்ததே அதைத்தான். எனவே அடுத்தவர் தன் வலியைச் சொல்லும்போது உங்கள் கலப்பை நுழைவுச் சீட்டாக நீட்டாதீர்கள். உங்கள் முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

அதற்காக உங்கள் காயத்தை மறைக்கவும் வேண்டாம். தம்பியின் வெளுப்பைப் பார்த்துக் கல்யாணத் தரகர் வீட்டு வாசலிலேயே நிற்கிறார், அதே தம்பியை 2020-ல் மளிகைக் கடை வரிசையில் “கொரோனா” என்று கூப்பிட்டார்கள். இரண்டும் நடந்தது. ஒன்றைச் சொல்லி மற்றதை அடித்துவிடாமல், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகுங்கள். கொஞ்சம் கஷ்டம்தான், கேட்பவர்களுக்கு ஒரு பக்கம்தான் பிடிக்கும்.

வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டியது உண்டு. பர்மாவில் கலப்புப் பிள்ளைகளைக் கப்யா என்பார்கள், இந்தியர்களை இளக்காரமாகக் களா என்பார்கள். பாட்டியின் சொந்தக்காரர்கள் தாத்தாவை அப்படித்தான் சொன்னார்களாம், இங்கே வந்ததும் தாத்தாவின் அக்கா பாட்டியைச் சப்பை மூக்கி என்றார். ரெண்டு பக்கமும் சளைத்ததில்லை! இன்றும் பெரியம்மா மாசமாக இருப்பவர்களிடம் குங்குமப்பூவோடு வந்து நிற்பார். பாடம் எடுத்தால் கோபித்துக்கொள்வார். “அப்போ நான் கறுப்பாப் பொறந்தது குறையா பெரிம்மா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அவரே தடுமாறுவார்.

பிள்ளையைப் பள்ளியில் “சைனா” என்று கூப்பிட்டால் உடனே போய்ப் பேசுங்கள். “விளையாட்டுக்குச் சொல்றாங்கம்மா” என்பதுதான் வழக்கமாக வரும் பதில். தம்பிக்காகப் போன என் அம்மா சண்டை போடவில்லை, “அப்படின்னா நீங்களும் ஒரு தடவை அவனை அப்படிக் கூப்பிடுங்க டீச்சர், கேக்கிறேன்” என்றார். டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து அவன் பெயரைத் தேட ஆரம்பித்தார்.