வரலாற்றில் எதை முதலில் திருப்பிப் படிப்பது?

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இன்னும் பதினைந்து நாள், வரலாறு தொடாமல் கிடக்கிறது என்று புலம்புகிற பிள்ளைகளுக்கு இது. போன வருடம் என் பையனோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்த வழி.

1. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும், புது நோட்டு வேண்டாம். பத்துப் பாடத்தையும் தலைப்பாக அல்ல, கேள்வியாக எழுதுங்கள். ‘இரண்டாம் உலகப்போர்’ என்று எழுதினால் பயம்தான் வரும். ‘போருக்கு என்ன காரணம்?’ என்று எழுதினால் கை வைக்க முடியும்.

2. மூன்று கட்டம் போடுங்கள்: தெரியும், அரைகுறை, தெரியாது. நாங்கள் சறுக்கியது இங்கேதான். எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். கோட்டைக்குப் போகாத லீவே கிடையாது. வேலூர்ப் புரட்சியை யோசிக்காமல் ‘தெரியும்’ கட்டத்தில் போட்டுவிட்டான். அரையாண்டில் அதன் காரணங்களைக் கேட்டார்கள். அகழி, மதில், உள்ளே இருக்கிற கோயில் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு வந்தான்! கோட்டை தெரியும், 1806 தெரியாது.

அதனால் கட்டத்தில் போடும் முன் புத்தகத்தை மூடிவிட்டு ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் திறந்து விட்டுப்போனதைப் பாருங்கள். அவன் எழுதியதில் ஜூலை 10 இருந்தது, திப்புவின் மகன்களைக் கோட்டையில் வைத்திருந்தது இருந்தது. சிப்பாய்களுக்கு வந்த புது உத்தரவு இல்லை. நெற்றியில் சமயக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடு, தோல் வைத்த புதுத் தலைப்பாகை போடு. காரணமே அதுதானே? ஆற்காட்டிலிருந்து படையோடு வந்து அடக்கிய கில்லஸ்பி, பதவி இழந்த ஆளுநர் பெண்டிங்க் இரண்டு பேரும் காணோம். சரி, ‘அரைகுறை’க்கு மாற்றினோம்.

3. ‘தெரியாது’ கட்டத்தில் முதலில் குதிக்காதீர்கள். ‘அரைகுறை’தான் முதலில். பாதி தெரிந்ததை அரைமணி நேரத்தில் முடிக்கலாம், முடித்த தெம்பில் அடுத்தது ஓடும். ‘தெரியாது’வை ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் காலையில். அதிலும் பாடத்தின் பின்னால் உள்ள வினாக்கள்தான் முதலில்.

4. காலக்கோட்டைத் தினமும் ஒருமுறை பென்சிலால் போடுங்கள். 1914 முதல் உலகப்போர், 1919 ஜாலியன்வாலாபாக், 1920 ஒத்துழையாமை, 1930 தண்டி, அதே வருடம் வேதாரண்யம், 1942 வெள்ளையனே வெளியேறு. கலர் பேனா வாங்கித் தராதீர்கள். எங்கள் வீட்டில் புத்தகம் முழுக்க மஞ்சளானதுதான் மிச்சம். கைடும் எனக்குப் பிடிக்காது, அதில் எல்லாமே ‘முக்கியம்’.

பிற்சேர்க்கை: மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது நம்ம திருப்பத்தூரிலா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். ஜோலார்பேட்டை பக்கத்தில் இருக்கிற ஊர் இல்லைங்க, சிவகங்கைப் பக்கத் திருப்பத்தூர், 1801 அக்டோபர். இந்தப் பாடத்தில் வருடங்களும் குழப்பும். கட்டபொம்மன் 1799, மருது 1801, வேலூர் 1806 என்று ஒரே கோட்டில் எழுதிப் படிக்கிற மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். நாங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டினோம், தண்ணீர் பட்டு 1801 அழிந்துவிட்டது.