புது ஜெனரேஷன் வந்துவிட்டதே என்று ப்ராசஸரை மாற்றாதீர்கள்

நண்பர் ஒருவர் கல்யாண வீடியோ எடிட் செய்பவர். ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் சிஸ்டத்தை மாற்றியே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கையில் இருந்தது இன்டெல் ஐ7-8700, பழைய என்விடியா கார்டு, 32 ஜிபி ராம். புதிதாக வாங்கிய கேமராவின் கிளிப்பை டைம்லைனில் போட்டால் தாலி கட்டும் காட்சி திக்கித் திணறி ஓடும். ‘எட்டாவது ஜென் ஆச்சே, பழசாகிவிட்டது’ என்று அவரே முடிவு கட்டிவிட்டார். கடையில் ஐ5-13400எஃப் போட்டுக் கொடுத்தார்கள். மதர்போர்டும் ராமும் கூடவே புதுசு. வீட்டுக்கு வந்து அதே கிளிப்பை ஓட்டிப் பார்த்தார். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். திணறல் போகவில்லை.

கோளாறு அந்த ‘எஃப்’ என்ற ஒற்றை எழுத்தில் இருந்தது. கேமரா பதிவு செய்தது எச்.265, 10 பிட், 4:2:2 வகை; நிறத் தகவல் கூடுதலாக வைத்து, இறுக்கிச் சுருக்கிய வீடியோ. இதைப் பிரித்துக் காட்ட ப்ராசஸரின் கோர்கள் (உள்ளே கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்) முழுமூச்சாக உழைக்க வேண்டும். அல்லது அதற்கென்றே செய்த தனிச் சுற்று ஒன்று சிப்பில் இருக்க வேண்டும். இன்டெல்லின் 11-வது ஜெனரேஷனிலிருந்து டெஸ்க்டாப் சிப்களில் அது இருக்கிறது. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் உள் கிராபிக்ஸ். எஃப் என்று முடியும் மாடல்களில் உள் கிராபிக்ஸே வேலை செய்யாது. என்விடியாவோ இந்த 4:2:2-ஐ 2025-ல் வந்த 50 வரிசை கார்டுகளில்தான் சேர்த்தது. ஆக நண்பர் ஐந்து ஜெனரேஷன் தாண்டிப் போயும் தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தார். பிறகு எஃப்பை விற்றுவிட்டு, அதே போர்டில் எஃப் இல்லாத 13400-ஐப் போட்டார். தாலி ஒழுங்காகக் கட்டப்பட்டது. செலவே வேண்டாம் என்றிருந்தால், பழைய சிஸ்டத்திலேயே ப்ராக்ஸி (கிளிப்பின் எடை குறைந்த நகல்) போட்டு எடிட் செய்து ஒரு சீசனை ஓட்டியிருக்கலாம்.

எங்கே அடைக்கிறது என்று பார்க்காமல் ப்ராசஸர் மேல் பழி போடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். பார்ப்பது பெரிய வித்தை இல்லை. சிஸ்டம் திணறும் அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? இன்னும் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஓடுகிறது என்றால் ஒரு எஸ்எஸ்டி போதும். ராம் நிரம்பி வழிகிறதா? ராம் போடுங்கள். சிபியு 25 சதவீதம்தான் காட்டுகிறது, அப்படியானால் ப்ராசஸரில் குறை இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது. அது சராசரிக் கணக்கு. ஹைப்பர் த்ரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) இல்லாத நான்கு கோர் சிப்பில் ஒரே ஒரு கோர் கழுத்து வரை மாட்டிக்கொண்டிருந்தாலும் 25 என்றுதான் காட்டும். கோர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரு கோர்தான் மாட்டியிருக்கிறது என்றால், கோர் எண்ணிக்கை கூடிய சிப் வாங்கிப் பயனில்லை; ஒற்றைக் கோர் வேகம் கூடிய புது ஜெனரேஷன் அப்போது உதவும்.

அடுத்தது, பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்புவது. 2023 அக்டோபரில் வந்த ஐ5-14600கே, அதற்கு முந்தைய வருடத்து 13600கே-தான். வேகத்தை லேசாக ஏற்றிப் பெயர் மாற்றியிருந்தார்கள். லேப்டாப்பில் நிலைமை இன்னும் மோசம். ஏஎம்டியின் ரைசன் 5 7520யு என்ற பெயரைப் பார்த்தால் 7000 வரிசை, புத்தம் புதுசு என்று தோன்றும். உள்ளே இருப்பது 2019-ல் அறிமுகமான ஜென் 2 (Zen 2) வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. இதைக் கடைக்காரர் சொல்லி நான் கேட்டதில்லை.

ப்ராசஸர் விலையை மட்டும் கணக்கில் வைப்பதும் வழக்கமான சறுக்கல். இன்டெல்லின் 12, 13, 14 ஜெனரேஷன் மூன்றும் ஒரே சாக்கெட் (போர்டில் சிப் உட்காரும் இடம்). 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்குச் சாக்கெட்டே வேறு, போர்டையும் மாற்ற வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டில் டிடிஆர்5 ராம் மட்டும்தான் ஏறும். கையிலிருக்கும் டிடிஆர்4 வீண். 2025 கடைசியில் ராம் விலை எகிறியபோது இதில் மாட்டிக்கொண்டவர்கள் பலர். அதற்கு முந்தைய சாக்கெட்டான ஏஎம்4 வைத்திருப்பவர்களுக்குத்தான் யோகம். 2017-ல் வாங்கிய பல போர்டுகளில் பயாஸை (கணினியை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) மட்டும் புதுப்பித்து ரைசன் 5000 வரிசையைப் போட்டுக்கொள்ளலாம். இந்த மாதிரி இடத்தில் புது ஜெனரேஷனுக்குக் காத்திருப்பதைவிட, பழைய சாக்கெட்டின் கடைசி நல்ல சிப்பைப் பிடிப்பதே என் கட்சி.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிஸ்டங்களைக்கூடச் சிலர் தள்ளிவிட்டார்கள். விண்டோஸ் 11-க்கு, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் 8-வது ஜெனரேஷனும் ரைசனில் 2000 வரிசையும் போதும். ‘உங்கள் கணினி தகுதியற்றது’ என்று வந்தால் முதலில் பயாஸுக்குள் போய் டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பல போர்டுகளில் அணைத்தேதான் கொடுத்திருந்தார்கள்.

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, அதே போர்டில் புது சிப் போடுவது என்று முடிவு. பழையதைக் கழற்றும் முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பழைய பயாஸுக்குப் புது சிப்பைத் தெரியாது. விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், பழைய சிப்பை அவசரப்பட்டு விற்றிருந்தால் அதை யாரிடமாவது இரவல் வாங்க அலைய வேண்டும்.