நொதியைக் கூட்டுவதற்கு முன்

லாம்டா என்ற வைரஸின் டிஎன்ஏவை ஹிண்ட்-3 என்ற வெட்டும் நொதியால் வெட்டி, துண்டுகள் அளவுவாரியாகப் பிரிய மின்சாரம் பாய்ச்சிய அகரோஸ் ஜெல்லில் ஓட்டுவது கல்லூரி ஆய்வகங்களில் வாடிக்கையான பயிற்சி. மொத்தம் 48,502 பேஸ் ஜோடி (டிஎன்ஏவின் எழுத்து ஜோடி), வெட்டினால் எட்டுத் துண்டு, ஜெல்லில் ஒவ்வொன்றும் ஒரு பட்டை. ஆனால் எட்டுப் பட்டைகளும் கண்ணில் படுவது அபூர்வம். மிகச் சிறியதான 125 ஜோடித் துண்டு தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம். சாயம் பிடிக்கும் அளவுக்கு அதில் டிஎன்ஏவே இருக்காது.

சிக்கல் 4,361 ஜோடித் துண்டில்தான். அது மங்கலாக வந்தால் 'சரியாக வெட்டவில்லை' என்று அடுத்த முறை நொதியை இரட்டிப்பாக்குகிறார்கள். உண்மையில் வெட்டு முடிந்திருக்கும். லாம்டாவின் இரு முனைகளிலும் 12 எழுத்து நீள ஒற்றை இழை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றோடொன்று அப்படியே பொருந்தக்கூடியவை. அதனால் இரு முனைத் துண்டுகளான 4,361-உம் 23,130-உம் ஒட்டிக்கொண்டு ஜெல்லின் மேல்பக்கம் நின்றுவிடும். ஜெல்லில் ஏற்றும் முன் 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, உடனே ஐஸுக்கு மாற்றினால் பிரிந்துவிடும்.

நொதியைக் கூட்டினால் வேறு வம்பு வரும். அது 50% கிளிசராலில் வருகிறது. கலவையில் கிளிசரால் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஈகோஆர்-1 போன்ற வெட்டும் நொதிகள் தமக்குரிய ஆறெழுத்து இடத்தை விட்டு, அதைப் போலிருக்கும் வேறு இடங்களிலும் வெட்டத் தொடங்கும். 20 மைக்ரோலிட்டர் கலவைக்கு 2 மைக்ரோலிட்டர் நொதிதான் உச்சவரம்பு. அதே கிளிசரால் கனமானது. நொதி குழாயின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கலக்காமல் 37 டிகிரியில் வைத்துவிட்டு, பாதி வெட்டிய டிஎன்ஏவைப் பார்த்து நொதி செத்துவிட்டது என்பார்கள். விரலால் மெல்லச் சுண்டிக் கலக்கி, சில நொடி சுழற்றி இறக்கினால் போதும். வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்க வேண்டாம்.

ஜெல்லை பஃபர் என்ற உப்புக் கரைசலுக்குப் பதில் தண்ணீரில் காய்ச்சுவது, டிஎன்ஏ சிவப்பு (நேர்) முனையை நோக்கி ஓடும் என்பதை மறந்து மின்கம்பிகளை மாற்றிச் செருகுவது எல்லாம் பழைய கதை. அதிகம் பேசப்படாதது மின்னழுத்தக் கணக்கு. சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் என்றால் ஜெல்லின் நீளத்தை அளக்கக் கூடாது. இரண்டு மின்முனைகளுக்கு இடையிலான தூரத்தைத்தான் அளக்க வேண்டும். அவசரப்பட்டு மின்னழுத்தத்தை ஏற்றினால் 23,130-உம் 9,416-உம் நெருங்கி ஒன்றாகிவிடும்.

பிளாஸ்மிட் (வளைய டிஎன்ஏ) வைத்துச் செய்பவர்களுக்கு ஒன்று. வெட்டாத பிளாஸ்மிட்டில் இரண்டு மூன்று பட்டைகள் வருவது இயல்பு: முறுக்கிச் சுருண்டது முந்தும், ஓரிழை அறுந்த வளையம் பின்தங்கும். லேடரில் (அளவு தெரிந்த துண்டுகளின் கலவை) இருப்பவை எல்லாம் நேர்த்துண்டுகள். அதோடு ஒப்பிட்டு இந்தப் பட்டைகளுக்கு அளவு எழுதினால் அந்த எண் தப்பு.